இளவேனிற்செல்வி என்று எழுதிவிட்டேன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உன் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ சொல்கிற "இருக்கேன்" என்பதிலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடிவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு மாதிரியேதான், ஆனால் குழந்தை தவழ ஆரம்பித்ததிலிருந்து வலியைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமில்லை. கடையில் வேலை அதிகம், பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாற்ற வரிசையாக வருகிறார்கள், லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால் நின்று நின்று எனக்கும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பிக்கும்போது நீ வைத்துவிடுகிறாய். அம்மா குழந்தையைக் காட்டினால் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. பதினோரு மாதமாக சரியாக அந்த நேரத்தில் மட்டும் போகிற சிக்னலைப் பற்றி நான் கேட்கவில்லை. கடிதத்தை நடுவில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கிரேனில் மேலே இருக்கும்போது இதைப் பிரிக்காதே. இறங்கி, சாப்பிட்டு, அறைக்குப் போய்ப் படி.

முதலில் குழந்தையைப் பற்றி. அவளுக்கு உன் அம்மா வைத்திருக்கிற பட்டம் மேனேஜர். காலையில் ஏழு மணிக்கு எழுந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி நீட்டி எங்களை வேலை வாங்குகிறாள். கீழே இரண்டு பல், மேலே ஒன்று எட்டிப்பார்க்கிறது. என் மூக்குக் கண்ணாடியை இழுத்து இரண்டு தடவை கால் ஒடித்துவிட்டாள், கண்ணாடிக் கடைக்காரன் நூல் கட்டின கண்ணாடியோடு கடைக்குப் போகிறேன், முதலாளி சிரிக்கிறார். பிசைந்த வாழைப்பழம் பிடிக்கும், பருப்பு என்றால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். போன வாரம் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நர்ஸ் ஒவ்வொரு குழந்தையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் முறை வந்ததும் அட்டையைப் பார்த்து, இன்னாருடைய பெண் குழந்தை என்று உன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவளே எழுந்து போகப்போகிறாள் என்பது போல அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்புறம் நான்தான் எழுந்து போனேன். நர்ஸ், "இன்னுமா பேர் வெக்கல? ஒரு வருஷம் தாண்டிட்டா ரொம்ப அலைய விடுவாங்க பெரியவரே, சீக்கிரம் போய்ப் பதிஞ்சுடுங்க" என்றாள்.

பெயருக்கா பஞ்சம். இரண்டு பெயர் ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. உன் கையெழுத்தில் மணிமொழிநங்கை, உன் மனைவியின் கையெழுத்தில் இளவேனிற்செல்வி. ஏழாம் மாதத்திலிருந்து நீங்கள் இரண்டு பேரும் அதை வைத்து அடித்த கூத்து எனக்கு மறக்கவில்லை. மணிமொழிநங்கை என்று வைத்தால் வகுப்பில் பிள்ளைகள் மணி அடிச்சாச்சு, வீட்டுக்குப் போலாம் என்று கேலி பண்ணுவார்கள் என்பாள் அவள், ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தெரியாததா. இளவேனிற்செல்வி என்று வைத்தால் ஒரே வாரத்தில் இளநீர் ஆக்கிவிடுவார்கள் என்பாய் நீ. நான் ஒருநாள் இளவேனில் செல்வி என்று பிரித்து எழுதியதற்கு, "ற் வரணும் மாமா, தப்பா எழுதினா ஸ்டூல் மேல நிக்க வெச்சுடுவேன்" என்று எனக்கே பாடம் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

இனி எழுதப்போவதைப் போன வாரம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை பிறந்த மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, வார்டுக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. பெயர் எழுத வந்த ஆயா போன பிறகு உங்களுக்குள் பேச்சு ஏறியது. இரண்டு பேரும் இரண்டு ராத்திரி தூங்காதவர்கள். "வருஷத்துல பத்து மாசம் எங்கேயோ கிரேன் மேல உக்காந்திருக்கிறவரு, பேரு மட்டும் அவரு வெக்கணுமாம்" என்று அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது. "அப்ப நீயே வெச்சுக்க, நீயே வளத்துக்க" என்று நீ சொன்னதும் கேட்டது. நீ என்னைத் தாண்டித்தான் போனாய், என்னைப் பார்க்கக்கூட இல்லை. நீ அவளிடம் பேசிய கடைசி வார்த்தை அது என்பதும், அதைத்தான் நீ இன்னும் மென்றுகொண்டிருக்கிறாய் என்பதும், குழந்தை முகத்தை நீ பார்க்காததற்கு அதுதான் காரணம் என்பதும் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஏன் என்றால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும்.

மிச்சம் இதுதான். நீ போன பிறகு நான் உள்ளே போனேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மத்தியானம் அவரு சாப்பிட்டாரா மாமா?" என்று கேட்டாள். சாப்பிட்டிருப்பான் என்றேன். அப்புறம், "அவரக் கூப்பிடுறீங்களா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீ கேட் பக்கத்தில் டீக்கடைச் சுவரில் சாய்ந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. ஒரு மாடி இறங்கினால் நூறடிகூட இருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "கோவம் தணியட்டும்மா, தானா வருவான். நீ கண்ண மூடிக் கொஞ்சம் தூங்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய மனுஷத்தனமாக நடந்துகொள்கிறோம் என்று நினைப்பு எனக்கு. கால் மணி நேரம் இருக்கும். "மாமா, குளிருது" என்றாள். நான் போர்வையை இழுத்து விட்டேன். உதடு வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினேன், அவர்கள் ஓடி வந்தார்கள், அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். எவ்வளவு ரத்தம் ஏற்றியும் ரத்தப்போக்கு நிற்கவில்லை, யாரும் எதிலும் தாமதிக்கவில்லை என்று டாக்டரம்மா உன்னிடம் சொன்னது உண்மைதான், நான் தனியாகப் போய் மூன்று தடவை கேட்டுவிட்டு வந்தேன். அவள் போனதற்கு நீயும் காரணமில்லை நானும் காரணமில்லை. ஆனால் அவள் உன்னிடம் சொல்ல நினைத்த ஒன்று உன் காதுக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம். அது என்ன என்று எனக்குத் தெரியாது. விட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்டுவதற்குக்கூட இருக்கலாம், அவள் சுபாவம் உனக்குத் தெரியும். ஆனால் உன்னைக் கூப்பிடச் சொன்னாள். அதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வார்த்தையோடு அவள் முடித்துக்கொள்ளவில்லை.

இதை நான் முதலில் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. தட்டை வைப்பாள், எடுத்துக்கொண்டு போவாள். மூன்றாம் நாள் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே, "அவளப் பெத்தவர்ட்ட சொல்லுங்க. அப்புறம் போய்ப் பேரப் பதிஞ்சுட்டு வாங்க. பாப்பா பாப்பான்னு, கடையில தொங்குற பொம்மையக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றாள். உன் மாமனார் இப்போதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். ஆறு நாள் பஸ் ஓட்டிவிட்டு, கிடைக்கிற ஒரு லீவில் இரண்டு பஸ் மாறி வந்து பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "என்ன சொல்லணும்னு உங்ககிட்டகூடச் சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னது என்ன தெரியுமா, "மாப்பிள்ளை சொன்ன பேரையே போட்டுருங்க சம்பந்தி. எம்பொண்ணு சொன்ன பேரப் போட்டா, அவரு கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சண்டைதான் காதுல கேக்கும். அப்புறம் கூப்பிடவே மாட்டாரு. அம்மாவும் இல்லாத புள்ள, அப்பாவாவது வேணும்ல" என்றார். தன் பெண் ஆசைப்பட்டு எழுதி ஒட்டிய பெயர் அங்கே ஃபிரிட்ஜில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த மனுஷனுடைய மனசு எனக்கு வராது.

அவர் போன பிறகு எனக்கு ஒரே குழப்பம். அவர் சொல்கிறபடி மணிமொழிநங்கை என்று வைத்தால், செத்துப்போனவளோடு சண்டை போட்டு ஜெயித்துவிட்டேனே என்று நீ இன்னும் நொந்துபோவாய். இளவேனிற்செல்வி என்று வைத்தால் அவர் பயப்படுகிற மாதிரியே ஆகலாம். எதை வைத்தாலும் உனக்கு வலிக்கும். உன்னையே கேட்கலாம் என்று மறுநாள் போன் செய்தேன், பேர் என்ற வார்த்தை வந்ததும் "உங்க இஷ்டம்பா" என்று வைத்துவிட்டாய். சரி, என் இஷ்டம்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பிறப்புப் பதிவு ஆபீசுக்குப் போனேன். மூன்றாம் கவுன்ட்டர், எனக்கு முன்னால் பதினாலு பேர். அங்கே இருந்த அம்மாள் நல்ல மாதிரி. குழந்தையின் அப்பா வெளிநாட்டில் இருந்தால் தாத்தா கையெழுத்துப் போடலாம், ஆனால் ஒரு தடவை ஏறிவிட்டால் லேசில் மாற்ற முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்தாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நீளம்! செல்வின்னு மட்டும் போட்டுரட்டுமா?" என்றார். ஒரு எழுத்துகூடக் குறையக் கூடாது என்றேன். கம்ப்யூட்டரில் அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினார், இளவேனில்செல்வி என்று இருந்தது. ல் இல்லைம்மா, ற் வரவேண்டும் என்று திரையில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் திருத்தினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அவள் சொன்ன பெயர் என்று கேட்பாய். அவள் என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டாள், நான் செய்யவில்லை. இதையாவது செய்யலாம் என்றுதான். உன்னைத் தோற்கடிப்பதற்கோ, உன் மனைவியை ஜெயிக்க வைப்பதற்கோ இல்லை. இது நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு வந்த பெயர் இல்லை, நான் வைத்த பெயர். கோபம் வந்தால் என்மேல் வரட்டும். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு சண்டை போடலாம், நான் உயிரோடு இருக்கிறேன், பதில் சொல்வேன். அவளிடம் நீ கோபித்துக்கொண்டதற்கு நீயே உனக்குக் கொடுத்துக்கொள்கிற தண்டனையில் அந்தக் குழந்தையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அதுதான் தாங்கவில்லை. ஆபீசை விட்டு வெளியே வந்ததும் உன் மாமனாருக்குப் போன் செய்து சொன்னேன். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நின்றிருந்தார் போலிருக்கிறது, பின்னால் இன்ஜின் சத்தம். பெயரை முழுதாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டார்.

சான்றிதழின் நகல் இதோடு வைத்திருக்கிறேன். அதில் தகப்பனார் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது, பார்த்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, மேலே ஏறும்போது பெல்ட்டைச் சரியாக மாட்டு, மனசு சரியில்லாத நாளில் ஏறாதே, சூப்பர்வைசரிடம் சொல்லிக் கீழே வேலை வாங்கிக்கொள். வருகிற மாதம் அவளுக்கு ஒரு வயசு ஆகிறது, லீவு கேட்டுப் பார். அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், நானும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டாலும் வா. நீயே வளத்துக்க என்று சொன்னாய். அவளால் முடியவில்லையப்பா. நீ வந்து வளர்.

இப்படிக்கு,
இளவேனிற்செல்வியின் தாத்தாவாகிய உன் அப்பா