இருபது ஓட்டு ஃபிர்மீனு

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று மணிப் படகு. ஆறு முழுக்கப் பனிமூட்டம். எதிர்க்கரைத் தூண் கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. நான் கயிற்றை வீசிய பிறகே கரை உண்டானதுபோல இருந்தது.

மைதானம் எங்கள் கரையில், படகுத்துறைக்குப் பின்னால். ஞாயிறும் எனக்குப் படகில் வேலை நாள், கயிறு வீசுவதும் டிக்கெட் கிழிப்பதும். இருபத்தெட்டு வருடமாக எங்கள் ஊர்க் கால்பந்து கிளப் ரிபெய்ரின்யா ஆடும் ஆட்டத்தை நான் காதால்தான் பார்க்கிறேன். நாம் கோல் போட்டால் முதலில் ஊரே மூச்சை இழுக்கும், பிறகு ஒரு பெருஞ்சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வரும். எதிரணி போட்டால் யாரோ கதவைச் சாத்தினாற்போல் இருக்கும், அவ்வளவுதான். இன்று மூன்று முறை கதவு சாத்தியது.

படகோட்டி அபீலியு சுக்கானை விடாமலே புலம்பினான். "கோல்கீப்பர் தெல்முவ வித்தாங்களே, அன்னைக்கே முடிஞ்சுது. கூட அஞ்சு பேர வேற அனுப்பிட்டாங்க. இப்ப ஆடுறவனுங்கள்ல ஒருத்தனுக்காவது இந்த ஆத்துப் பேரு தெரியுமா, கேளு."

செப்டம்பர் 18, வியாழன்

வழக்கம்போல அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. அண்ணி போன பிறகு சமையல் அவர்தான். சுட்ட மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, அதன்மேல் கிணற்றிலிருந்து இறைத்தாற்போல் ஆலிவ் எண்ணெய். ரொட்டியைத் தொடுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"புது கோச்சுக்கு நேரம் குடுக்கணும். அந்த ரமால்யு எட்டு வருஷம் நம்மளக் கொட்டாவி விட வச்சான். பூஜ்யம் பூஜ்யம், ஒண்ணு பூஜ்யம். அதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"கொட்டாவி விட்டாலும் ஆறாவது இடத்துல இருந்தோம்ல அண்ணே. இப்ப எங்க இருக்கோம்? இருபது ஓட்டையும் அள்ளி அந்தப் புதுத் தலைவருக்குக் குடுத்தது யாரு? நீங்கதான?"

"ஆமா பிள்ள, நாந்தான். ஒளிச்சா வச்சேன்?"

அவர் எதையும் ஒளிப்பவர் இல்லை. ஜூனில் கிளப் தேர்தல் நடந்தபோது எவுஜீனியாவின் காபிக் கடையில் எழுந்து நின்றே சொன்னார். கிளப் விதிப்படி ஐம்பது வருட உறுப்பினருக்கு இருபது ஓட்டு, இருபத்தைந்து வருடத்துக்குப் பத்து. ரமால்யுவை மாற்றுவேன், ஆளை மாற்றுவேன், கோலாகப் பொழியும் என்று சொன்ன புதுத் தலைவர் பதினான்கு ஓட்டில் ஜெயித்தார்.

செப்டம்பர் 19

இதை எங்கேயாவது எழுதத்தான் வேண்டும். என் பத்து ஓட்டையும் அந்தப் புதுத் தலைவருக்குத்தான் போட்டேன். எதிர்ப்பக்கம் போட்டிருந்தால் அவர் ஆறு ஓட்டில் தோற்றிருப்பார்.

ஏன் போட்டேன்? சத்தத்துக்காக. ரமால்யுவின் எட்டு வருடத்தில் நடு ஆற்றில் நான் கேட்டதெல்லாம் இஞ்சின் சத்தமும் நீர்க்காகமும்தான். ஓட்டுச் சீட்டை மடிக்கும்போது அந்தப் பெருஞ்சத்தம் நிஜமாகவே காதில் விழுந்தது. வெளியே வந்து, "நான் ரமால்யு பக்கம்" என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கேட்கக்கூட இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஐந்தாவது தோல்வி. கோல்கீப்பர் கையில் பந்து இருந்தும் நீளமாக உதைக்காமல் பக்கத்து ஆளுக்குத் தட்டிவிட வேண்டும் என்பது புது கோச்சின் உத்தரவாம். தட்டினான். எதிரணிக்காரன் காலில் போய்ச் சேர்ந்தது.

எவுஜீனியா கடையில் ஒரே காரசாரம். கோச் தப்பா, ஆளை விற்றது தப்பா? அண்ணன் உள்ளே நுழையும்போது நான்தான் சொன்னேன்: "வழி விடுங்கப்பா, இருபது ஓட்டு ஃபிர்மீனு வர்றாரு." கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நவம்பர் 3

கோச்சை அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் லிஸ்பனிலிருந்து. என் மழைக்கோட்டைவிட வயது குறைவு.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று கதவுகூடச் சாத்தவில்லை. பனிக்குள்ளிருந்து மெலிசாக விசில் சத்தம் மட்டும், சொந்த ஆட்களைப் பார்த்தே அடிக்கும் விசில். நடு ஆற்றில் கரை இரண்டும் மறைந்து போனபோது அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே புரியவில்லை. மேலிருந்து வருகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன்.  பயணிகள் எல்லோரும் தூக்கத்தில் நடப்பவர்கள்போல இறங்கிப் போனார்கள்.

ஜனவரி 11

கடைசி இடம். அண்ணன் வீட்டுத் தபால்பெட்டியில் யாரோ சாக்கட்டியில் '20' என்று எழுதியிருக்கிறார்கள். துடைத்துவிட்டதாகச் சொன்னார். 

கடையில் அவர் உட்காரும் மேசைக்கு இப்போது யாரும் வருவதில்லை. எவுஜீனியா மட்டும் காபியை வைத்துவிட்டு, "ஆட்டத்த விடு ஃபிர்மீனு, உடம்ப பாரு" என்கிறாள். நான் அடுத்த மேசையில் இருந்தேன். ஏன் எழுந்து போகவில்லை? செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேனாம்.

பிப்ரவரி 5, வியாழன்

அடுப்பு பற்ற வைக்கவில்லை. நேற்றுச் செய்த சூப்பைச் சுட வைத்துக் கொடுத்தார். "கார்டைக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். உறுப்பினர் கார்டை. ஐம்பத்திரண்டு வருஷம். அப்பா தோளில் உட்கார்ந்து போன நாளிலிருந்து.

"ஏன் அண்ணே?"

"தெருவுல போனா முதுகுக்குப் பின்னால இருபது, இருபதுங்குறாங்க. கிளப்ப நான் ஒரே ஆளா முங்க வச்ச மாதிரி. போதும் பிள்ள."

நான் வச்ச பேரு அது. நாந்தான் வச்சேன். பாவி, என் பத்து ஓட்டையும் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? சூப்பக் குடிச்சேன். ரொட்டி கேட்டேன். வந்துட்டேன்.

பிப்ரவரி 8

கனவு. மைதானம் முழுக்க ஆற்றுத் தண்ணீர். ஆடுகிறவர்கள் முழங்கால்வரை நீரில் நின்றுகொண்டு பந்தைத் தேடுகிறார்கள். பந்து என் கோட்டுப் பைக்குள் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

சொல்லிவிட்டேன். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். "அண்ணே, என் பத்தும் அந்தாளுக்குத்தான் போச்சு."

 மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். "சாப்பிடு, ஆறிடும்." அவர் சாப்பிடவில்லை. வாசலில் நான் கோட்டை மாட்டும்போதுதான் பேசினார்.

"ஓட்டு போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நானும்தான் போட்டேன். அன்னைக்குக் கடையில அந்தப் பேர வச்சு எல்லாரோடயும் சேந்து சிரிச்சியே, ஜுல்மீரா. அத நான் என்ன பண்றது?"

பிப்ரவரி 19, வியாழன்

கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ ஓடியது.

பிப்ரவரி 26

அண்ணன் அக்கரை ஆஸ்பத்திரிக்கு இப்போது என் படகில் வருவதில்லை. பேருந்தில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார். எட்டு நிமிடப் பயணத்துக்கு ஒன்றே கால் மணி நேரம். அபீலியு சொன்னான். அந்த முட்டி வலியோடு அண்ணன்.

மார்ச் 2, திங்கள்

லிஸ்பன்காரருக்கு அடுத்து வந்த மூன்றாவது கோச்சும் போனதைப் பற்றிக் கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரமால்யு இருந்திருந்தால், தெல்மு இருந்திருந்தால், பழைய தற்காப்பு வரிசை இருந்திருந்தால். அண்ணன் இல்லை. அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

எழுந்து நின்றேன். ஜூனில் அவர் நின்ற இடத்திலேயே. "எல்லாரும் கேளுங்க. ஜெயிச்சது பதினாலு ஓட்டுல. அதுல பத்து என்னது. அண்ணன் சொல்லிட்டுப் போட்டாரு, நான் சொல்லாமப் போட்டேன். போட்டுட்டு அவருக்குப் பேரும் வச்சேன்."

 அபீலியு தலையை ஆட்டினான். "அடிப்பாவி, அப்ப நீ பத்து ஓட்டு ஜுல்மீராவா?" சிரித்தார்கள். எத்தனை பல் தெரியும் என்று அங்கே நின்று எண்ணிப் பார்க்கலாம்போல இருந்தது. அப்படித்தான் இருந்திருக்கும் அவருக்கு.

ஏப்ரல் 19

அண்ணனைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கையசைத்தேன். அவர் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து இன்னும் வரவில்லை.

மே 17, ஞாயிறு

கடைசி ஆட்டம். இறங்கிவிட்டோம், கீழ்ப்பிரிவுக்கு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஐந்து மணிக்கு ஆறு அவ்வளவு நிசப்தமாக இருந்தது. வெயில் தண்ணீரில் கரைந்து ஒரே பொன்னிறம். படகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

எங்கள் கரைக்கு வந்தபோது துறையில் கூட்டம், எல்லாம் மைதானத்திலிருந்து வருகிறவர்கள், கழுத்துத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு. கயிறு தூணில் விழாமல் தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடி வீசுவதற்குள் வரிசையில் ஒருவன் கத்தினான். "ஏ பத்து ஓட்டு, அதையாவது ஒழுங்காப் போடு."

சிரிப்பு எழுந்தது. பழகிவிட்டது. குனிந்து கயிற்றைச் சுருட்டினேன்.

"அவளுக்குப் பேரு இருக்கு."

வரிசையின் கடைசியில் அண்ணன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஜுல்மீரா. அதச் சொல்லிக் கூப்பிடு."

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக ஏறினார்கள். அவர் கடைசியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து ஏறினார். என்னைப் பார்க்கவில்லை. டிக்கெட்டை நீட்டினார். வாங்கிக் கிழித்து, பாதியை அவர் கையில் கொடுத்தேன்.