பாவாவின் முதுகுக்கு ஒரு பை

என் செல்லச் சண்டைக்காரி வித்யா அக்காவுக்கு,

உன் கேமரா என்னிடம் இல்லை. மற்ற விசேஷங்களுக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க இதையே சுற்றிச் சுற்றி வருவேன். அது சுரேந்தர் பாவாவிடம் இருக்கிறது. உன் புருஷன், உன் கேமரா, அவரிடம் இருப்பதுதான் நியாயம். நியாயம் என்று தெரிந்தும் வயிறு எரிகிறது. என்ன செய்ய?

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனுஷன் மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது அவர் கொடுத்ததாகிவிடும், நீ கொடுத்ததாக ஆகாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விளக்கம், கொஞ்சம் பொறுத்துக்கொள். என் அக்காவுடையது லார்ஜ் ஃபார்மேட் கேமரா. மடக்கினால் தடித்த அகராதி அளவில் ஒரு மரப்பெட்டி. விரித்தால் ஆர்மோனியம் மாதிரி துருத்தி நீளும். தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, பின்கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகிற உலகத்தை ஃபோகஸ் செய்து, உள்ளங்கை அளவு ஃபிலிம் தாளை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்க வேண்டும். லென்ஸ்கள், ஃபிலிம் தாளை வைக்கிற ஹோல்டர்கள், டிரைபாட் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு கிலோ பக்கம் வரும். இதைச் சுமந்துகொண்டு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைதராபாதைச் சுற்றியுள்ள பாறைகளை எடுத்தாள். கட்டடம் கட்ட உடைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரம். பாதிகூட முடிக்கவில்லை. டெங்கு என்று அட்மிட் ஆனவள் திரும்பி வரவில்லை.

அவள் சுமந்தாள் என்றா எழுதினேன்? தப்பு. நான் சுமந்தேன். நாம் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருந்த நாளிலிருந்து என் இன்ஜினியரிங் முடிகிறவரை உன் டிரைபாடும் ஹோல்டர் பையும் என் தோளில்தான் தொங்கின. பிறகு நீ கல்யாணம் செய்துகொண்டாய். தோள் மாறிவிட்டது. "ஏல, இனி உனக்கு ஞாயித்துக்கிழம தூங்கக் கிடைக்கும்லா" என்று சிரித்தாய். நான் எப்போது தூக்கம் கேட்டேன்?

பாவாவின் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரங்கலில் பிறந்த மனுஷன், உன்னிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர். அதனால் அவர் பேசுவது திருநெல்வேலித் தமிழ், அதிலும் உன் தமிழ். என்னை "ஏல மோகன்" என்று கூப்பிடுகிறார். கையிலிருந்து ஏதாவது விழுந்துவிட்டால் "சவத்த விடு" என்கிறார், நீ இழுக்கிற அதே இழுப்போடு. நான் இங்கேயே பள்ளிக்கூடம் படித்தவன், அம்மா தமிழில் கேட்டால் பாதி நேரம் இந்தியில் பதில் சொல்கிறவன். உன் பேச்சு என் வாயில் இல்லை, அவர் வாயில் இருக்கிறது. கேமராவைவிட இதுதான் அதிகம் குத்துகிறது.

போன மாதம் அவர் உன் பையை மாட்டிக்கொண்டு முதல்முறையாகத் தனியாகப் போனார். நீ விட்ட இடத்திலிருந்து எடுக்கப் போவதாகச் சொன்னார். சாயங்காலம் சட்டையைக் கழற்றிக் காட்டினார், இரண்டு தோளிலும் வார் பதிந்து சிவந்திருந்தது. ஆகாமல் என்ன? அது உன் உயரத்துக்கு எடுத்த பை. அவர் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. உன் இடுப்பில் உட்கார்ந்த பெல்ட் அவர் வயிற்றில் உட்கார்ந்தது. இடுப்பு வாங்க வேண்டிய எடையெல்லாம் தோளுக்குப் போய்விட்டது. படமாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஹோல்டரின் மூடியை இழுக்காமலே ஷட்டரை அழுத்தியிருக்கிறார். ஃபிலிமில் ஒன்றுமே விழவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆபீஸில்கூட நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அப்புறம் அவர் போன் செய்தார். "ஏல மோகன், முதுகு போச்சு. நீ டிசைன் இன்ஜினியர்தான? எந்தப் பை வாங்கணும், நீயே சொல்லு. எனக்கு ஒண்ணும் அர்த்தம் காலேது." புரியவில்லை என்பதை மட்டும் இன்னும் தெலுங்கில்தான் சொல்கிறார்.

எப்படி இருக்கிறது பார். கேமரா அவருக்கு, பை பார்க்கிற வேலை எனக்கு. ஆனால் தப்பான பை ஒருத்தர் முதுகில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது, அது உனக்குத் தெரியும். சரி என்றேன்.

செகந்திராபாத் போனோம். கேமராவைக் கடை கடையாக இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று, அதே எடைக்கு அம்மாவின் அரிசியைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன். "என் அரிசி எங்கல போகுது?" என்று வாசல்வரை வந்தாள் அம்மா. "பாவா முதுகுக்கு" என்றேன். "மாப்பிள்ளைய அரிசி மூட்டை தூக்க வைக்கியாக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் கேமரா பை விற்கிற கடை. அங்கே இருந்த பைகளில் உள்ளே குட்டிக் குட்டி அறை, சுற்றிலும் மெத்தை. உன் மரப்பெட்டி எந்த அறையிலும் போகாது. எல்லாத் தடுப்புகளையும் பிய்த்து எடுத்து, உள்ளே டேப் வைத்து அளந்து, பெல்ட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாப், பேக் லேனா ஹை யா ஆபரேஷன் கர்னா ஹை?" என்றார். வாங்க வந்தாயா, அறுத்துப் பார்க்க வந்தாயா என்கிறார். "பெல்ட் டம்மி ஹை பாய். வெறும் அலங்காரம்" என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, முகம் சுண்டிவிட்டது. பாவாதான் அவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். அந்தக் காலிப் பையே உன் கேமரா எடை இருந்தது, அக்கா. காலிப் பையைச் சுமக்கவா ஒருத்தன் பாறை ஏறுவான்?

கேமரா பை செய்கிறவர்கள் கேமராவுக்கு அடிபடக் கூடாது என்று செய்கிறார்கள். முதுகை நினைத்துச் செய்வதெல்லாம் மலையேறுகிறவர்களுக்கான பைகள்தான். அதனால் அடுத்து அந்தக் கடைக்குப் போனோம், முதல் மாடியில் இருந்தது. பாவாவைக் குனியச் சொல்லி, கழுத்துக்குக் கீழே புடைத்திருக்கிற எலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை அளந்தேன். பை வாங்கும்போது முக்கியமான அளவு அதுதான், ஆள் உயரம் அல்ல. உயரமான பலருக்குக் கால்தான் நீளம். பாவாவுக்கு முதுகு நீளம்.

அங்கே பொருத்தமான பை ஒன்று இருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முதுகுப் பலகையை ஏற்றி இறக்கலாம். பெல்ட் கெட்டியாக இடுப்பெலும்பைப் பிடிக்கும். முதுகுப்பக்கமே திறக்கும், அதனால் தரையில் வைத்து லென்ஸ் எடுக்கும்போது வாரிலும் மெத்தையிலும் மண் ஒட்டாது. மொத்தமும் அதில் அடங்கும்.

மொத்தமும் அடங்கினால் எனக்கு அங்கே என்ன வேலை?

அதனால் வேறொன்று சொன்னேன். "லோடைப் பிரிக்கணும் பாவா. கேமராவும் லென்ஸும் ஒரு பையில். ஹோல்டர், கறுப்புத் துணி, டிரைபாட் இன்னொரு பையில். ஒரே முதுகில் இவ்வளவும் ஏறக் கூடாது." கேட்டால் சரியாகத்தான் இருக்கும், எந்த இன்ஜினியரும் குறை சொல்ல முடியாது. இரண்டு பை என்றால் இரண்டு முதுகு வேண்டும். இன்னொரு முதுகு யாருடையது என்று அவர் கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "ஹவ், சரிதான்" என்றார். அந்தப் பொருத்தமான பையை முதுகில் மாட்டினார், இன்னொன்றை நெஞ்சில் மாட்டினார். "நடந்து பாக்கேன்" என்று கடையின் மாடிப்படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார். நெஞ்சிலே பை இருந்தால் கால் எப்படித் தெரியும்? மூன்றாவது படியிலோ நாலாவதிலோ கால் தப்பியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். அரிசிப் பொட்டலம் ஒன்று பைக்குள்ளேயே கிழிந்து, படியெல்லாம் அரிசி.

"சவத்த விடு, பழகிடும்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

பாறையில் கைப்பிடிக் கம்பி கிடையாது அக்கா. என் பொறாமைக்கு நான் கணக்குப் போட்டு வைத்திருந்ததில் இது இல்லை. "கழட்டுங்க பாவா" என்றேன். "நெஞ்சுப் பை நக்கோ, வேண்டாம். நான் சொன்னது தப்பு. முதுகுல இருக்கற இந்த ஒண்ணு போதும்." அவர் ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையா, இல்லை உண்மையிலேயே புரியவில்லையா? நீயாக இருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய்.

அந்த வாரம் ஆபீஸ் விட்டு வந்து அவர் வீட்டில், உன் வீட்டில், உட்கார்ந்து நுரைப்பாய் வெட்டிப் பைக்குள் அறைகள் செய்தேன். கனமான கேமரா முதுகை ஒட்டி நடுவில். பின்னால் தள்ளி வைத்தால் பை ஆளைப் பின்னுக்கு இழுக்கும். லென்ஸ்கள் மேலே, ஹோல்டர்கள் தூசி புகாமல் ஜிப் கவரில் பக்கவாட்டில். கறுப்புத் துணியை மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன், முதலில் வேண்டுவது அதுதான், இல்லையா? துணியில் இன்னும் நீ தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் இருக்கிறது. துவைக்காதீர்கள் என்று பாவாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் துவைக்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கடைசியாக அவருக்கு மாட்டிவிட்டேன். முதலில் இடுப்பு பெல்ட், பிறகு தோள் வார், கடைசியில் தோளுக்கு மேலே இருக்கிற சின்ன வார். எல்லோரும் தோளை முதலில் இறுக்குவார்கள், அதனால்தான் வலிக்கும். பாவா கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "ஏல, எடையே தெரியல" என்றார்.

"அப்ப சரி."

"சண்டே வாயேன்."

"தூக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம்தான் இதுக்குள்ள வச்சுட்டியே. சும்மா வா."

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார் நழுவியிருக்கும், பெல்ட் இறங்கியிருக்கும், எப்படி ஏற்றுவது என்று கேட்பார் என்று இருந்தேன். போன் வரவில்லை. பை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் செய்த வேலையிலேயே ஒழுங்கான வேலை அது. அதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் அவர் நேராக நம் வீட்டுக்கு வந்தார். தோளில் சிவப்பு இல்லை. நீ எடுத்த இரட்டைப் பாறையில் ஒன்றை உடைத்துவிட்டார்கள், மற்றது நிற்கிறது, அதைத்தான் எடுத்தேன் என்றார். பிறகு கழுவிய நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம்வரை கூர்மை. நன்றாக இருக்கிறது அக்கா. உன் படம் போல இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது.

அன்றைக்கு அவர் போன பிறகு அம்மா தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள். "மாப்பிள்ளை ஒத்தைக்குப் போய்ட்டு வாறாரு. நீ ஏன் போவல?"

"எனக்கு அங்க வேலை இல்லம்மா. தூக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "அவ உன்ன வேலைக்கா கூட்டிட்டுப் போனா?"

"சட்னி போடவா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த மாவை ஊற்றப் போய்விட்டாள். இவ்வளவு வருஷம் உன் டிரைபாடைத் தூக்கியதால்தான் நான் உன் பக்கத்தில் நின்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையா? அந்த டிரைபாடை நீயே தூக்கியிருக்க முடியுமா? முடியும் என்றால் எதற்காக என்னை எழுப்பினாய்? இதை உன்னிடம் கேட்க எனக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது, நான் கேட்கவே இல்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். போகவில்லை. அவர் அந்தக் கறுப்புத் துணிக்குள் தலையை விடும்போது எனக்கு எரியும், எரியட்டும். ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போவேன். பாவாவுக்கு இடுப்பு பெல்ட்டை மாட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு அவர் பக்கத்தில் நடப்பேன். எதையாவது தா என்று பிடுங்க மாட்டேன். ஒன்றும் தூக்காமல் ஒரு பாறையின் முன்னால் நிற்க என்னால் முடிகிறதா என்று பார்க்கிறேன்.

கேமரா அவரிடம் இருக்கட்டும், உன் தமிழும் அவரிடம் இருக்கட்டும். கீழே போடுகிற இந்தக் கையெழுத்தை மட்டும் அவர் போட முடியாது. இதை யாருக்கும் தர மாட்டேன்.

உன் கூடப்பிறந்த ஒரே ஒருத்தன்,
மோகன்