ஒன்றரை மணி நேரமாம்

அன்பு மகள் ரக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டி வலியைத் தவிர உட்லண்ட்ஸில் நாங்கள் எல்லாரும் சுகம். அந்த ஆஸ்திரேலியச் செம்மண் காட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வீரமாகாளியம்மன் துணை. போனில் சொன்னால் ‘விடும்மா’ என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், உன் தம்பி ராஜீவ் இதைப் படம் எடுத்து இன்றே அனுப்புவான், முழுதாய்ப் படி.

ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயத்துக்கு நாள் குறிக்க ஃபேரர் பார்க்கில் ரித்திக் வீட்டுக்குப் போனோம், அவனும் ஆஸ்திரேலியாவிலிருந்து வீடியோ காலில் இருந்தான். தேநீர் ஆறுவதற்குள் அவன் அம்மா ரத்தினம்மா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். உன் சுரங்கத்து ஊர் ஏர்போர்ட்டையும் ரித்திக் வேலை பார்க்கும் கடலோர ஊர் ஏர்போர்ட்டையும் போட்டுப் பார்த்தாராம், தொள்ளாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்று வந்ததாம். "ஒன்றரை மணி நேரம்தான்லா, எல்லை தாண்டி ஜோகூர் போக பாலத்துல இதைவிட அதிக நேரம் நிக்கிறோம். கல்யாணத்துக்கப்புறம் ரக்ஷனா வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்து பையனுக்குச் சமைச்சு வச்சுட்டு ஞாயித்துக்கிழமை போயிடலாம்" என்றார். உன் அப்பா அதற்குத் தலையை ஆட்டுகிறார்! எனக்கு வந்த கோபத்தில், அந்த விமானத்துக்கு இப்பவே டிக்கெட் போட்டுக் காட்டுங்க என்றேன். அவர் கணவர் கோவிந்தராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார், தேடினார், கடைசியில் "நேரா பிளேனே இல்லையே, பெர்த் போய் ராத்திரி தங்கி மாறணும் போல" என்று முனகினார். அந்த ஒன்றரை மணி நேரம் வரைபடத்தில் கோடு இழுத்துப் போட்ட கணக்கு, அவ்வளவுதான். அதற்கும் ரத்தினம்மா அசரவில்லை, "அப்ப வேலையை விட்டுடட்டும்" என்கிறார். உங்க மகன் அவ ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்னு யாராவது பார்த்தீங்களா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நாள் குறிக்கவில்லை.

எனக்கு அதைவிடக் கோபம் ரித்திக் மேல்தான். மூன்று வருடமாய் அங்கே இருப்பவனுக்கு விமானம் இல்லை என்று தெரியாதா? வாயே திறக்கவில்லை. சாயங்காலம் போன் செய்து, "அம்மாவை எதிர்த்துப் பேச வேணாம்னு இருந்தேன் ஆன்ட்டி, ரக்ஷனாவே ரிசைன் பண்றேன்னு சொல்லிட்டாளே" என்றான். ஏன்டி, அத்தனை ஆண்களுக்கு நடுவில் இஞ்சினியராய் நின்று சம்பாதித்த இடத்தை இல்லாத ஒரு விமானத்துக்காகவா விடப் பார்த்தாய்? எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அவனிடம் சொன்னேன், ஒரு தடவை நீ போ, மறு தடவை அவ வரட்டும், முடியாத வாரம் இரண்டு பேரும் பெர்த்துக்கு வாங்க, ஆனா இதை உங்க அம்மாகிட்ட நீதான் சொல்லணும் என்று. பிறகு "சரி ஆன்ட்டி, பேசறேன்" என்றான். பேசியும் விட்டான். நேற்று கோவிந்தராசு கூப்பிட்டார், ரத்தினம்மா மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டாராம், ஆனால் பையன் சொன்ன சொல்லில் நிற்கிறானாம், திரும்ப வாங்க என்கிறார். நீ சொல்லாமல் நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

பையன் நல்லவன்தான், வாய் திறக்க இப்போதுதான் பழகுகிறான், கட்டிக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம். வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே. அம்மன் அருளால் நீண்ட ஆயுளோடு தலை நிமிர்ந்து இரு. ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே, கொடுத்திருந்தால் விடிந்ததும் போய்த் திரும்ப வாங்கு.

கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா,
சந்திரமதி