மெகருவின் துணிகளைத் துவைத்த கதை

என் கண்ணே மெகரு,

எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மல்லிகா எழுதுகிறாள். நம்மோடு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைத்தாளே, அவள்தான். எழுத்து கோணலாக இருந்தால் அவளைத் திட்டு.

உன் பெண் சபீனா என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் நாலு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். தப்பு என்னுடையதுதான்டி.

நீ போன பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சடையங்குப்பத்து வெள்ளத்தை உனக்குச் சொல்லணுமா? வெறும் தண்ணீராகவா வரும், ஆலைக் கழிவு எண்ணெயும் சேர்ந்தல்லவா வரும். ஒருதரம் உன் இட்லிப் பானை மிதந்து போக, நீ அதன் பின்னாலேயே... சரி, அது கிடக்கட்டும். தண்ணீர் வடிந்ததும் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். நனைந்த துணியெல்லாம் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டேன். உன் வீட்டுப் பரணில் இருந்த சுடிதார் மூட்டையையும் சேர்த்து.

சபீனா வந்து கொடியில் கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தாள்.

"இன்னா பண்ட்ட பெரிம்மா? இதுல தண்ணியே படல. எங்கம்மா வாசனைய தொவச்சி சாக்கடைல ஊத்திட்டியே!"

அதுதான் கடைசிப் பேச்சு. உன் வாசனையை நான் எந்தக் கடையில் போய் வாங்குவேன் மெகரு? செத்துப்போய் உன்னிடமே கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம் இவளுக்கு யார்?

போன வாரம் ராயபுரத்துப் பழைய கிடங்கு ஒன்றில் ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சி. சுவரில் மாட்டுகிற வேலைக்கு என்னையும் மல்லிகாவையும் கூப்பிட்டார்கள். அவள் வாயை மூடவில்லை.

"இன்னாக்கா, கீஞ்ச துணிக்கு ஏசி போட்டு வெச்சிகீறாங்க! என் வூட்ல ஒரு மூட்ட கீது, எடுத்தாரவா?"

நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு சாம்பல் நிறப் போர்வையைப் பிரித்தோம். யாரோ ஒருவர் உடுத்திய சட்டைகளை ஒட்டித் தைத்தது. ஓட்டை, கிழிசல் எதையும் மறைக்காமல், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு நூல் ஓடியிருந்தது. நம் கம்பெனியில் ஓட்டை என்றால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவார்கள். இங்கே அந்த ஓட்டைக்குத்தான் மரியாதை. கையில் ஆணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் வெளுத்துப்போன நீலச் சுடிதாரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இடது தோளில் பொடிப்பொடியாக ஓட்டைகள். சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும் நீ ஊசியை அங்கேதானே குத்தி வைப்பாய்! எல்லாச் சுடிதாரிலும் இருந்தன. பவுடரால் அவற்றைத் தொட முடியவில்லை.

கத்தரிக்கோல், சிவப்பு நூல், துணி எல்லாம் எடுத்துப்போய் சபீனா முன்னால் வைத்தேன். சுடிதாரின் தோளைத் தூக்கிக் காட்டி, ஓட்டையைச் சுற்றித் தைத்துப் போர்வை ஆக்கலாம் என்றேன். விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம். நான் கத்தரிக்கோலை எடுக்கப் போனேன். சட்டென்று துணியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ தொடாத. நானே தெக்கிறேன்."

பெரிம்மா என்று கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் பேசினாள், மெகரு. உனக்குக் கேட்டதா?

அவளாகக் கூப்பிடும்வரை உன் துணியில் என் கை படாது. பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

சபீனாவுக்கு நான் இன்னும் பெரிம்மாதான் என்று நம்பிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா செல்வி