செருப்பு அலமாரியில் ஒரு புத்தகம்

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கிய பிறகு மிஞ்சுவதுதான் என் நேரம். உன் தூக்கத்தைக் கெடுக்கிறேனோ என்று அடுத்த வரியை எழுத வந்து, யாருக்கு எழுதுகிறேன் என்பது உறைத்து நிறுத்திக்கொண்டேன். பழக்க தோஷம்.

போன சனிக்கிழமை அவளைச் செங்காங் நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கையில் கிடைத்த அட்டைப் புத்தகங்களை எல்லாம் அவள் கடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, திரும்பி வந்த புத்தகங்களை வைக்கும் தட்டில் அது இருந்தது. சாம்பல் நிற அட்டை. சாகக் கிடப்பவர்களோடு காலமெல்லாம் வேலை பார்த்த தாதி ஒருவர் எழுதியது. ஒரு சந்தேகத்தில் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். மஞ்சள் கறை அங்கேயே இருந்தது. உன் தோசைத் தட்டிலிருந்து தெறித்த சாம்பார். நாம் படித்த அதே பிரதி. மோந்து பார்த்தேன். வாசம் போய்விட்டிருந்தது.

டாக்டர் உன்னிடம் விஷயத்தைச் சொன்ன வாரம், நீ அழுவாய் என்று நான் பயந்துகொண்டு வந்தேன். நீ நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகங்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாவு, சாகும் விதம், செத்த பிறகு மற்றவர்கள் படும் பாடு. எல்லாமே உண்மைக் கதைகள், ஆய்வுகள். குவீன்ஸ்டவுனில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்த நாளிலிருந்தே நீ அப்படித்தான். சைக்கிள் ஓட்டுவதற்குக்கூட முதலில் புத்தகம் படித்தவள்.

"புது எடத்துக்குப் போறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு பாத்துட்டுத்தானே போவோம். அதே மாதிரிதான் லா," என்றாய். "நீயும் படி. தனியா படிக்க போர் அடிக்குது."

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. வார நாட்களில் ஜூரோங்குக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நீ ஓர் அத்தியாயம் படிப்பாய். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நம் வழக்கமான கடையில் தோசைக்கு நடுவே இந்தச் சாம்பல் அட்டைப் புத்தகம் கை மாறும். நான் ரயிலில் படிப்பேன். பக்கத்தில் உட்காருபவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், பிறகு பிள்ளை சுமந்த என் வயிற்றைப் பார்ப்பார்கள், சிலர் எழுந்து வேறு இடம் தேடுவார்கள்.

"இந்த புக்ல சாகறவங்க எல்லாருக்கும் ஜன்னலுக்கு வெளிய ஏரி இருக்கு டி," என்று ஒருநாள் கடையே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாய். "என் ஜன்னலத் தொறந்தா எதிர் புளோக் அங்கிள் பனியனோட நிக்கறாரு. நான் அவரப் பாத்துக்கிட்டே போகணுமா?"

கடைசி வார்த்தைகள் பற்றிய அத்தியாயம் உனக்கு ஆகவே ஆகாது. எல்லாரும் எப்படி இவ்வளவு அழகாகப் பேசிவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டாய். "எனக்கெல்லாம் அப்படி வராது. அடுப்ப அணைச்சியான்னுதான் கேப்பேன்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் மணிக்கட்டைப் பார்த்தேன். கடிகாரம் வளையல்போலச் சுழன்றது.

அம்மாதான் புத்தகத்துக்கு எதிரி. என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவர், அதை என் கட்டிலில் கண்டதும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டார். "மாசமா இருக்கறவ படிக்கற புக்கா இது? வயித்துல இருக்கறது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கும்!"

அன்றைக்கு நீயும் வீட்டில் இருந்தாய். "நல்லதுதானே ஆன்ட்டி. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே பொறக்கும், டியூஷன் தேவையில்ல."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உன் தலையில் குட்டினார். ஆனால் விடவில்லை. புத்தகம் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் இருக்கும் செருப்பு அலமாரிக்குப் போக வேண்டும். அதிலும் அவருக்கு ஒரு சங்கடம். என்ன இருந்தாலும் புத்தகம். "சரஸ்வதியக் கொண்டுபோய் செருப்போட வெக்கறேனே," என்று முணுமுணுத்தபடி பிளாஸ்டிக் பையில் சுற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேல் தட்டில் வைத்தார். நீ இருமல் வரும்வரை சிரித்தாய். "கண்ணுல ஒத்தி ஷூ ரேக்ல வெச்ச ஒரே புக்கு உலகத்துலயே இதுதான் ஆன்ட்டி!"

அதன் பிறகு நான் தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் நீ படிக்க மறுத்துவிட்டாய். அது பின்னால் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. "எனக்கு எதுக்கு அது? உனக்குத்தான். பிள்ள பொறந்தப்புறம் நிதானமா படிச்சிட்டு, என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு." சரி என்று தலையாட்டினேன். எப்படிச் சொல்வது என்று இருவருமே பேசவில்லை.

நீ மருத்துவமனைக்குப் போன பிறகு அம்மா தினமும் ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார். உன்னிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் செய்தி: "ரசத்துல உப்பு கம்மி. ஆன்ட்டிகிட்ட சொல்லிடாத." இன்றுவரை சொல்லவில்லை.

உன் சாவுக்கு நான் வரக்கூடாது என்பதில் அம்மாவும் நீயும் ஒரே கட்சி. பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றார் அம்மா. நீ அதற்கு மேல். "வந்தேன்னா பேயா வந்து உங்க லிஃப்ட்ல எல்லா மாடி பட்டனையும் அமுக்கி விட்டுருவேன்." உன் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உன்னைக் கிடத்தியிருந்த அன்று அம்மா மட்டும் போய் வந்தார். தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "பொட்டு பெருசா வெச்சுட்டாங்க. அவளுக்குப் பிடிக்காது," என்றார். நான் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை. தவணை முடிந்ததும் என் கணவர் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்.

பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்குப் பயம்தான் வேலை. மூக்கடியில் விரல் வைத்து அவள் மூச்சைப் பார்க்கிறேன். பிறகு எனக்கே ஏதாவது ஆகிவிட்டால், இவளுக்கு என் முகம்கூட நினைவிருக்காதே என்று அடுத்த பயம் தொடங்கும். அம்மா குவீன்ஸ்டவுனுக்குத் திரும்பிவிட்டார். அப்படியும் போன சனிக்கிழமை, யாரும் சொல்லாமலே, மறுபடி இரவல் வாங்கி வந்த புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிச் செருப்பு அலமாரியில் வைத்தேன். "யாரு கேட்டா? நீயே ஏன் அங்க வெக்கற?" என்றார் கணவர். பிள்ளை தூங்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர என்னால் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

இன்று சாயங்காலம் மழை. சாரல் தாழ்வாரத்தில் சாய்ந்து அடித்து அலமாரிக்குள் புகுந்தது. ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தேன். வாசற்படியில் நின்றேன். உள்ளே போகவும் மனமில்லை, வெளியே நனையவிடவும் மனமில்லை. அதற்குள் அவள் தவழ்ந்து வந்து, என் காலைப் பிடித்து எழுந்து நின்று, புத்தகத்தை இழுத்து மூலையில் ஒரு கடி வைத்தாள்.

நான் கத்தினேன். அவள் சிரித்தாள். சாம்பல் அட்டையில் குட்டியாய் இரண்டு பல் தடம். வேறொன்றும் நடக்கவில்லை. துடைத்து உள்ளே கொண்டு வந்தேன்.

இப்போது படித்து முடித்துவிட்டேன். சொன்னபடி சொல்கிறேன். சுமார்தான் டி. மறுபடியும் ஏரி வருகிறது. பயம் எப்போது விடும் என்று தேடினேன், அது இல்லை. சாவுக்குப் போக முடியாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு பக்கம் மட்டும் நன்றாக இருக்கிறது. அந்தத் தாதி, இறந்துபோன தம்பியின் மழைக்கோட்டைக் கதவுக்குப் பின்னால் நெடுங்காலம் மாட்டியே வைத்திருந்தாராம். ஒருநாள் மழை பெய்ததால் எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாராம். அவ்வளவுதான். அதை இரண்டு தடவை படித்தேன்.

படிக்கும்போது நடுவில் ஒருமுறைகூட எழுந்துபோய் அவள் மூச்சைப் பார்க்கவில்லை. முடித்த பிறகுதான் ஞாபகம் வந்து போய்ப் பார்த்தேன். சீராக இருக்கிறது. நாளைக்கும் பார்ப்பேன், அந்தப் பயம் போகாது. திரும்பி வரும் வழியில் அடுப்பை அணைத்தேனா என்றும் பார்த்தேன். இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன் தினமும் பார்க்கிறேன். உன் குரலில்தான் அந்தக் கேள்வி வருகிறது. அணைத்துத்தான் இருந்தது.

நீ என்ன நினைக்கிறாய்? ஏரியைத் திட்டியாவது சீக்கிரம் பதில் போடு.