கவிழாமல் ஓடிய நிரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நலம்.

கணினியை அடியிலிருந்து இயக்கும் கெர்னலில் நிரல் எழுத என்னை மாற்றியிருக்கிறார்கள். முதல் நிரலிலேயே அலுவலகக் கணினி உறைந்துபோனது. கவலைப்படாதீர்கள், அது பிழைத்துக்கொண்டது.

"தப்பு எங்கேன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டேன்.

"இதுகூடத் தெரியாமலா வந்தீங்க?" என்று சிரித்தார்.

"தெரிஞ்சுக்கத்தானே கேக்கிறேன், சொல்லுங்க."

சிரிப்பை நிறுத்திவிட்டு, கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை ஓட்டி அதில் சோதிக்கச் சொல்லித்தந்தார். அதைத் தினமும் கவிழ்த்தேன், யாருக்கும் நஷ்டமில்லை. நேற்று என் நிரல் கவிழாமல் ஓடியது!

நம் வீட்டுப் போர்வை ஒன்றை அனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை, வீட்டு வாசனை இருக்கும்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்