கமலாவுக்குப் பிறகு

மே 18, ஞாயிறு

நாவலை எழுதி முடித்து மூன்று நாள் ஆகிறது. இரண்டு வருடம், ஏழு நோட்டு. லாரி ஓட்டும் என் கதாநாயகி கமலாவைப் பற்றி யோசிக்க இனி எதுவும் இல்லை. சாப்பாடே இறங்கவில்லை.

இன்று அம்மாவோடு காந்தி மார்க்கெட் போனேன். எலுமிச்சம்பழம் விற்ற அக்காவிடம், கதைக்காக எல்லாரையும் கேட்டுக் கேட்டுப் பழகிய பழக்கத்தில், "பஸ்ல தூங்கிட்டா மூட்டையை யாரு பாத்துக்குவாங்க, அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதான் கதை முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்குடி கேள்வி?" என்றாள் அம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அக்கா சிரித்தார். "கேக்கட்டும் விடுங்கம்மா. துறையூர்லேர்ந்து மூட்டை மேல காலை வச்சுக்கிட்டுத்தான் தூங்கிட்டு வருவேன், பாப்பா. யாராச்சும் தொட்டா கால் முழிச்சுக்கும்."

கால் முழித்துக்கொள்ளுமாம்! ஸ்ரீரங்கம் வரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிப் பார்த்தேன். கமலா இப்படிப் பேசமாட்டாள். இது வேறொருத்தி. இன்னும் பெயர்கூட இல்லை. ஆனால் அவள் பஸ் ஏறிவிட்டாள், எனக்குத் தூக்கம் வரவில்லை.

கமலாவின் கடைசி நோட்டில் பதினோரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. எழுதலாமா என்று கை அங்கே போனது. எழுதவில்லை. அது கமலாவுடையது. நாளை கடை திறந்ததும் புது நோட்டு வாங்க வேண்டும், இருநூறு பக்கம், கோடு போட்டது.